தோல் வாரா... நைலான் வாரா?

துப்பாக்கி சுடும் போட்டி என்றாலே எல்லோரும் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். 'அவனுக்குக் கழுகுக் கண்ணுங்க!' கண் கிடக்கட்டும் சார்... குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு நிஜமான துணை, இடது கையில் மாட்டியிருக்கும் ஒரு வார்தான். 'ஸ்லிங்' என்பார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினாரே ஸ்வப்னில் குசாலே, அவர் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நம்ம மாதிரி மாதச் சம்பளம்! அந்தப் போட்டியில் முட்டி போட்டு, படுத்து, நின்று என மூன்று நிலை. முதல் இரண்டுக்கு வார் மாட்டலாம், நிற்கும்போது கூடாது. அகலம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி.

வார் என்ன செய்கிறது? மேல்கையைச் சுற்றி, ரைபிளின் முன்கட்டையில் போய் மாட்டிக்கொள்கிறது. முழங்கை தரையில். ஆக ஒரு முக்கோணம். பாரத்தை எலும்பும் வாரும் சுமக்கும், தசைக்கு ரெஸ்ட்.

இப்போது கணக்கு. தோளிலிருந்து குழல்முனை சுமார் ஒரு மீட்டர். முனை 1 மில்லிமீட்டர் இறங்கினால் 50 மீட்டரில் குண்டு சுமார் 50 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பத்துப் பாயிண்ட் வட்டத்தின் மொத்த அகலமோ 10.4 மில்லிமீட்டர்தான்! வார் கொஞ்சம் நெகிழ்ந்தால், நம்மை அறியாமல் கையால் தூக்கிப் பிடிப்போம். தசை நடுங்கும். அப்புறம் எட்டும் ஏழும்தான்.

முதலில் தோல். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் பதனிட்ட கெட்டித்தோல் பழகப் பழகக் கைக்கு ஏற்றபடி வளையும், கோட்டின் மேல் வழுக்காது. ஆனால் சித்திரை வெயிலில் வியர்வை குடித்தால் நீளும், காய்ந்தால் விறைக்கும். எண்ணெயை அதிகமாகப் போட்டாலும் தொளதொளவென்று ஆகிவிடும். என் தோல் வாரைப் பார்த்து அம்மா கேட்டது: "ஏங்கண்ணு, எந்த மாட்டுக்கு இது?"

அடுத்து செயற்கை இழை. இங்கே கோயமுத்தூர் மில்காரரிடம் கேளுங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பருத்தி எடைக்கு எட்டு சதவிகிதம் போல உறிஞ்சும். நைலான் சுமார் 4. பாலியெஸ்டர் வெறும் 0.4! இழுத்தால் நைலான் அளவுக்குப் பாலியெஸ்டர் நீளாது. அதனால் 'சிந்தெடிக்' என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள், எந்த இழை என்று கேளுங்கள். குறை உண்டு: மெல்லிசாக இருந்தால் கையை அறுக்கும், வழுக்கும். உள்பக்கம் ரப்பர் ஒட்டியது நல்லது.

வாங்குமுன் ஒரு சோதனை. வாரைக் கொக்கியில் மாட்டி, ஐந்து கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு, சுவரில் கோடு போடுங்கள். மறுநாள் காலையில் கல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த வார் வேண்டாம்.

என் தீர்ப்பு? ஞாயிறு மட்டும் சுடுகிற ஆபீஸ்காரருக்குப் பாலியெஸ்டர்தான். தினம் துடைத்துப் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்குத் தோல். எதுவானாலும் ஓட்டை நம்பரை டைரியில் குறித்து வையுங்கள். மேல்கையில் நாடித் துடிப்பு ரைபிளுக்கு ஏறினால் வாரைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டுங்கள். முக்கியமாக, போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வாரை மாற்றாதீர்கள். புது மாப்பிள்ளையும் புது வாரும் ஒன்று... பழகுகிற வரைக்கும் கொஞ்சம் முறுக்கித்தான் நிற்கும்!