மரவள்ளிக் கொழுந்தும் புகைக்கறியும்

ஈப்போ, சிலிபினில் லூர்து மாதா கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது ஓர் அக்காவின் வீடு. பின்கட்டில் கால் வைத்ததுமே தேங்காய்மட்டைப் புகை கண்ணைக் கரிக்கிறது. அடுப்புக்கு மேலே ஒரு கம்பி. அதில் விரல் தடிமனுக்கு அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிய பன்றிக்கறி தொங்குகிறது. ஓரமெல்லாம் கருத்துவிட்டது. கொழுப்பு மட்டும் தேன்நிறத்தில் பளபளக்கிறது.

“தீ எரியக்கூடாது தம்பி, புகையணும். எரிஞ்சா அது சுட்ட கறி” என்கிறார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். புகைபோடும் பக்குவத்தைத் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறைந்த பாலை அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் நாலைந்து நாள் தொங்கவிட்டால்தான் ரப்பரில் பூஞ்சணம் பிடிக்காது. கறிக்கும் கணக்கு அதேதான். ஈரம் வற்றுகிறது; புகையிலுள்ள ஃபீனால்கள் கிருமியை அண்டவிடுவதில்லை. ஐஸ்பெட்டி இல்லாத லயத்து வீட்டுக்கு அடுப்பின் மேற்புறம்தான் சேமிப்பறை.

லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நிற்கும். ராத்திரியில் கிழங்கைத் தோண்டக் காட்டுப்பன்றி வரும். அகப்பட்டால் எல்லா வீட்டுக்கும் பங்கு. மீந்தது கம்பியில் ஏறும். கிழங்கைத் தேடி வந்த பன்றியும் அந்தக் கிழங்கின் இலையும் இப்படித்தான் ஒரே சட்டிக்குள் வந்தன. ஜப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வரத்து குறைந்தபோது கிழங்கே சோறானது, இலையே கறியானது. பல குடும்பங்களைக் காப்பாற்றிய செடி இது. இதைப் போய் ‘ஏழைக் கீரை’ என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

கொழுந்தை மட்டும்தான் பறிக்கிறார் அக்கா, நுனியிலிருந்து நாலைந்து இலை. காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு உரலில் போட்டு இடிக்கிறார். சாறு கசிந்து பச்சை வாடை தூக்குகிறது. இந்த இடிப்பு ருசிக்காக மட்டுமில்லை. மரவள்ளி இலையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கும்போது அது உடைந்து சயனைடு வெளிப்படும். திறந்த சட்டியில் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். அக்காவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. “மூடி போடாதே. முதல் தண்ணியைக் கொட்டிடு. அவசரப்பட்டா இலை ஆளைப் புடிச்சிக்கும்” என்று அவர் அம்மா சொன்னதைச் சொல்கிறார்.

இரண்டாவது தண்ணீரில் புகைக்கறித் துண்டுகள், சின்ன வெங்காயம், நசுக்கிய செராய், சிலிப்பாடி. அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு மணி நேரம். இலை கரும்பச்சையாகக் குழைந்து, கறி நாராகப் பிரிந்து, கொழுப்பு மேலே மிதக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். சுடுசோற்றில் பிசைந்து வாயில் வைத்தால் முதலில் புகை, அப்புறம் உறைப்பு. கடைசியில்தான் இலையின் லேசான கசப்பு எட்டிப்பார்க்கிறது.

இதற்கு ஓர் அண்ணன் பிரேசிலில் இருக்கிறான். பாரா மாநிலத்தில் மனிசோபா என்று பெயர். மரவள்ளி இலையை அரைத்து, ஏழு நாள் வரைகூடக் கொதிக்கவிட்டு, புகைத்ததும் உப்பிட்டதுமான பன்றிக்கறியைச் சேர்ப்பார்கள். பெலேம் நகரில் அக்டோபர் மாதம் நடக்கும் நாசரேத் மாதா திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு அதுதான் விருந்து. அதே பாரா மாநிலத்தில், தபஜோஸ் ஆற்றங்கரையில்தான் 1876-இல் ஹென்றி விக்கம் ரப்பர் விதைகளைச் சேகரித்துக் கப்பலேற்றினார். மறுவருஷம் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வந்து, ஒன்பது நம் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. மரவள்ளியும் தென்னமெரிக்காவில் பிறந்ததுதான். எந்த மரத்துக்காக நம் ஆட்களைக் கப்பலேற்றினார்களோ அந்த மரத்தின் ஊரில், நாம் பசிக்குக் கண்டுபிடித்த சமையலை அவர்களும் செய்கிறார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“அங்கேயும் மாதா திருநாளுக்கா?”

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். அன்றைக்கு இந்த வீட்டிலும் இதே சட்டிதான் அடுப்பேறும்.