கடலைப் பார்த்த பீரங்கிகள், பரங்கிமலையில் வந்த பகை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை கடற்கரையை ஒட்டியே எழுந்தது. 1639-இல் நிலம் பெற்ற ஆங்கிலேயர், கடல்வழி வரும் பகையை எண்ணிக் கிழக்கு மதிலில் பீரங்கிகளை நிறுத்தினர். ஆனால் இந்தக் கோட்டையின் தலைவிதி பலமுறை தீர்ந்தது தெற்கே, நிலத்தின் பக்கம்தான். 1746-இல் கப்பலில் வந்த பிரெஞ்சுப் படையே தெற்கே கரையிறங்கி, நிலத்திலிருந்தும் தாக்கியது. சில நாட்களில் கோட்டை பணிந்தது. 1749-இல்தான் திரும்பக் கிடைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தரைவழியே வந்து முற்றுகையிட்டார். 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலையை எட்டியதும் ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இறங்கிவந்தனர். கடலைப் பார்த்த பீரங்கிகளுக்கு அங்கே வேலையே இல்லை.

லாலியின் முற்றுகையை மதில்கள் தாங்கினவே என்று கேட்கலாம். தாங்கின, உண்மைதான். ஆனால் மதில் வாங்கித் தந்தது அவகாசம் மட்டுமே. லாலி பிடிக்காமல் விட்டுவந்த செங்கல்பட்டுக் கோட்டையை ஆதாரமாகக் கொண்டு, மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கானும் ஆங்கிலத் தளபதிகளும் பிரெஞ்சுப் படையின் முதுகைத் தொடர்ந்து தாக்கினர். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் பெரும் சண்டை நடந்தது. சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட, லாலி பின்வாங்கினார்.

கடல் பீரங்கிகள் இருந்ததால்தான் கப்பல்கள் நெருங்கவில்லை என்பாரும் உண்டு. அந்தப் பெருமையில் பெரும்பங்கு அலைக்கே உரியது. அன்று இங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. கடற்கரைப் பீரங்கிகளுக்கு உண்மையான சோதனை 1914 செப்டம்பர் 22 இரவு வந்தது. ஜெர்மன் கப்பல் எம்டன் சுமார் 130 குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்ட ஒரு குண்டும் அதன்மேல் படவில்லை. அது வந்த வேகமும் மறைந்த வேகமும் 'எம்டன்' என்ற சொல்லைத் தமிழ்ப் பேச்சில் நிலைக்கச் செய்தன.

ஆகவே கோட்டையின் வரலாறு கோட்டை மதிலுக்குள் முடிவதில்லை. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம், பல்லாவரம் வழியாகப் பரங்கிமலைக்கு அன்றாடம் பயணிக்கிறவர்கள் அதன் மறுபாதியைக் கடந்து போகிறார்கள். கோட்டையைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பள்ளிகள், பரங்கிமலைப் படிகளிலும் அவர்களை நிறுத்தி, தெற்கே கைகாட்டி இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.