கோட்டை விளையாட்டில் விடுபட்ட கணக்கு

ஒரு கோட்டையின் வலிமை எதில் இருக்கிறது? மதிலின் உயரத்தில் என்பீர்கள். அகழியின் ஆழத்தில் என்பார் சிலர். கணிப்பொறி விளையாட்டில் பழகியவர்கள் வேறு விடை சொல்லக்கூடும்.

2002-இல் வெளிவந்த 'ஸ்ட்ராங்ஹோல்டு குருசேடர்' என்னும் விளையாட்டு, மேற்கு ஆசியாவின் பாலை நிலத்தில் இடைக்காலக் கோட்டைகளைக் கட்டிப் போரிடுவதாகும். அதில் மதில் எழுப்பினால் மட்டும் போதாது. கல் வெட்ட வேண்டும். கோதுமை விளைவித்து, மாவரைத்து, ரொட்டி சுட வேண்டும். களஞ்சியம் காலியானால் குடிகள் கோட்டையை விட்டுப் போய்விடுவார்கள். பயிர் செய்ய ஏற்ற இடங்களோ மணலின் நடுவே ஆங்காங்கே உள்ள பசுந்திட்டுகள் மட்டுமே.

இவையெல்லாம் உண்மைக்கு நெருக்கமானவையே. ஆனால் ஒரு கணக்கை அவ்விளையாட்டு விட்டுவிட்டது. அதில் கிணறு உண்டு. ஆனால் அது தீயை அணைப்பதற்காக! தாகத்தால் அங்கு எவரும் மடிவதில்லை.

உண்மைப் போரில் நிலைமை வேறு. 1187 ஜூலையில் சிலுவைப் போர்ப்படை ஒன்று, ஊற்றுகள் நிறைந்த தன் பாசறையை விட்டு, நீரற்ற மேட்டு நிலத்தின் வழியே திபேரியாவை நோக்கிப் புறப்பட்டது. சலாவுதீனின் படை நீர்நிலைகளுக்குச் செல்லும் வழியை அடைத்துக்கொண்டது. ஹத்தீன் என்னுமிடத்தில் தாகத்தால் சோர்ந்திருந்த அப்படை அழிந்தது.

மணலுக்குள் நீர்

பாலைவனத்தில் பசுந்திட்டு எப்படி உண்டாகிறது? இதை அறியப் பாலைவனத்துக்குப் போகவேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தின்மேல் நின்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரிவது மணல்வெளியே. ஆயினும் அந்த ஆற்றுப்படுகையிலிருந்துதான் காஞ்சிபுரத்துக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது.

ஒரு தம்ளர் நிறைய உலர்ந்த மணலை எடுத்து, அதில் மெல்லத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏறக்குறைய தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு நீர் உள்ளே போய்விடும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் அது தங்குகிறது. மேல்மணல் வெயிலைத் தடுப்பதால், ஆழத்தில் உள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை. இவ்வாறு நிலத்தடியில் தங்கிய நீர் வேர் எட்டும் உயரத்துக்கோ நிலத்தின் மேற்பரப்புக்கோ வரும் இடமே பாலைவனச் சோலை.

பாறைமேல் நீர்

மணலில் நீர் கிடைக்கும், கருங்கல் மலையில்? செவிலிமேட்டுப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் சாலை வந்தவாசிக்குப் போகிறது. அதற்கும் அப்பால் இருக்கிறது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராட்டியர் கோட்டைகளுள் இதுவும் ஒன்று.

1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்தான். இடையில், வெளியிலிருந்து தாக்கிய மராட்டியப் படைகள் தானியம் வரும் வழியை அடைத்ததால், முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது! உள்ளே இருந்தவர்களுக்கோ பெரிய களஞ்சியங்கள் இருந்தன. கீழ்க்கோட்டையில் குளங்கள் இருந்தன. சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சியிலும் சுனை இருந்தது. கல்யாண மகாலுக்குச் சுட்ட மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு கோட்டையில் ஆயிரம் பேர் இருப்பதாகக் கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், ஓராண்டுக்கு 18,25,000 லிட்டர் நீர் வேண்டும். அங்கே 200 குதிரைகளும் உள்ளன. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் என்றால், ஆண்டுக்கு 21,90,000 லிட்டர். ஆயிரம் மனிதரைவிட இருநூறு குதிரைகள் அதிகம் குடித்துவிடுகின்றன! இரண்டும் சேர்ந்து சுமார் 40 லட்சம் லிட்டர்.

இனி வரவு. பாறை நீரை உறிஞ்சாது, மழைநீர் வழிந்தோடிவிடும். அதுவே இங்கு நன்மை. ஆண்டுக்கு 100 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஒரு ஹெக்டேர் பாறையில் விழும் நீர் ஒரு கோடி லிட்டர். அதில் பாதியைக் குளத்துக்குத் திருப்பினாலும் 50 லட்சம் லிட்டர் கிடைக்கிறது. வறண்ட குன்றே நீர் தரும் நிலமாகிவிடுகிறது.

ஆனால் செலவில் இன்னொரு பங்காளியும் உண்டு: வெயில். நம் நாட்டு வெயிலில் திறந்த குளத்தின் நீர்மட்டம் ஆவியாதலால் மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் குறையும். பரந்து ஆழமின்றி இருக்கும் குளம் கோடையில் கைவிட்டுவிடும். பரப்பு குறைந்து, ஆழம் மிகுந்து, பாறை நிழலில் இருக்கும் சுனையோ தாக்குப்பிடிக்கும். குளத்தில் எவ்வளவு நீர் நிறைகிறது என்பதோடு, அதன் எவ்வளவு பரப்பு வெயிலில் கிடக்கிறது என்பதையும் கோட்டை கட்டுபவன் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

உங்கள் வீடும் ஒரு கோட்டைதான்

இக்கணக்கு பழைய கோட்டைகளோடு முடிந்துவிடவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டு மொட்டை மாடியின் நீள அகலத்தை மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஒரு சென்டிமீட்டர் மழையில் அங்கு விழும் நீர் லிட்டரில் கிடைக்கும். 50 சதுர மீட்டர் மாடியில் 500 லிட்டர். ஆளுக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு அது இருபது நாள் குடிநீர்!

இனி, உங்கள் வீடு முற்றுகையிடப்பட்டால் ஒரு நல்ல மழையின் துணையோடு எத்தனை நாள் தாங்குவீர்கள் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.