குட்டிப் பந்தயக் கார் கட்டிய கொல்லர் மகன்

1959ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் ராக் என்னுமிடத்தில் ஒரு கார்ப் பந்தயம். எவ்வகைக் காரும் கலந்து கொள்ளலாம் என்பது அன்றைய விதி. மசராட்டி, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற விலையுயர்ந்த ஐரோப்பியப் பந்தயக் கார்கள் வரிசையில் நின்றன. அவற்றின் நடுவே, பார்த்தவர்கள் சிரிக்கும்படியாக, ஒரு பழைய குட்டிக் காரும் நின்றது. அதை ஓட்ட வந்தவர், அவ்வாண்டு புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் வென்றிருந்த ராட்ஜர் வார்டு. இறுதியில் முதலாவதாக வந்தது அந்தக் குட்டிக் கார்தான்!

அதே ஆண்டு டிசம்பரில், புளோரிடா மாநிலத்தின் செப்ரிங் நகரில் நடந்த உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயத்துக்கு வார்டு மற்றொரு குட்டிக் காருடன் சென்றார். தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற கார் 3 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்தது. வார்டுக்கோ 3 நிமிடம் 43.8 விநாடி ஆயிற்று. எல்லோருக்கும் கடைசி இடத்திலிருந்து புறப்பட்ட அவருடைய கார், 20 சுற்றுகளுக்குப் பின் கிளட்ச் பழுதாகி நின்றுவிட்டது.

ஐந்தே மாதங்களில், ஓரிடத்தில் முதலாவதாக வந்த காரின் வகை இன்னோரிடத்தில் கடைசியானது ஏன்? ஓட்டியவர் ஒருவரே, ஆகவே விடையைக் காரில்தான் தேட வேண்டும். செப்ரிங்கில் ஓடிய அந்தக் காரைக் கட்டியவர் பிராங்க் குர்டிஸ். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் விடை கிடைப்பதோடு, நாம் வகுப்பில் படிக்கும் இயக்கவியலும் உயிருடன் நம் முன் வந்து நிற்கும்.

மிட்ஜெட் என்பது என்ன?

மிட்ஜெட் என்றால் மிகச் சிறியது என்று பொருள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரம். ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை. ஒருவர் மட்டுமே அமரும் இருக்கை. கதவு இல்லை, கூரை இல்லை. தானே புறப்படும் வசதியும் கிடையாது. வேறொரு வண்டி பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும்.

இத்தகைய கார்களுக்கான ஒழுங்கான பந்தயங்கள் 1933இல் கலிபோர்னியாவில் தொடங்கின. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வாட்டிய காலம் அது. பெரிய பந்தயக் காருக்குப் பணம் இல்லாத இளைஞர்கள், கிடைத்த இரும்பையும் பழைய எஞ்சினையும் கொண்டு குட்டிக் கார்களைக் கட்டினார்கள். 1934இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கில்மோர் அரங்கம் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை ஒரு சுற்றுக்குக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர். அதே ஆண்டில் பிரெட் ஆபன்ஹாசர் என்பவர் மிட்ஜெட்டுகளுக்கென்றே நான்கு உருளைகள் கொண்ட 1.6 லிட்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டார். 'ஆபி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்த எஞ்சினுக்கு ஏற்ற உடலைத் தேடியவர்களுக்குத்தான் குர்டிஸ் வாய்த்தார்.

கொல்லுலையிலிருந்து

குர்டிஸ் 1908இல் கொலராடோ மாநிலத்தின் கிரஸ்டட் பியூட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தையார் குரோவேசிய நாட்டு வழியினர், கொல்லர். குடும்பம் லாஸ் ஏஞ்சலசுக்குக் குடிபெயர்ந்த பின், பதின்ம வயதிலேயே டான் லீ என்பவரின் கார் உடல் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். செல்வர்களுக்கும் திரைப்பட நடிகர்களுக்கும் விருப்பம்போல் கார் உடல்களை அமைத்துத் தந்த இடம் அது. உலோகத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து உருவாக்கும் கலை அங்கே அவர் கையில் படிந்தது. 1930களின் பிற்பகுதியில் தம் சொந்த மிட்ஜெட்டுகளைக் கட்டத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் பெயர் குர்டிஸ் கிராஃப்ட்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல், அமெரிக்காவில் கார்ப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. 1945இல் போர் முடிந்ததும் மிட்ஜெட் பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. குர்டிஸ் ஒவ்வொரு காரையும் தனித்தனிக் கைவேலையாகச் செய்யாமல், ஒரே அளவில் உறுப்புகளைச் செய்து அடுக்கினார். முழுமையாகக் கட்டி முடித்த கார்கள் 550க்கும் மேல். வாங்குபவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்ளும்படி உறுப்புத் தொகுதிகளாக விற்றவை ஏறத்தாழ 600. ஆபி எஞ்சின் வாங்க இயலாதவர்கள் விலை குறைந்த போர்டு வி-8 எஞ்சினைப் பொருத்திக் கொண்டார்கள்.

குழாய் தரும் வலிமை

அந்தக் கார்களில் அப்படி என்ன சிறப்பு? முதலாவது, அவற்றின் சட்டம். போருக்குப் பின் குர்டிஸ் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டங்களைச் செய்தார். குழாயினுள் வெற்றிடம்தானே இருக்கிறது, அது எப்படி வலுவாகும் என்று நீங்கள் கேட்கலாம். மூங்கிலை எண்ணிப் பாருங்கள்.

1 செ.மீ. ஆரமுள்ள ஓர் எஃகுக் கம்பியை எடுத்துக் கொள்வோம். அதே எஃகை, அதே நீளத்தில், 2 செ.மீ. வெளி ஆரமுள்ள குழாயாகச் செய்தால், உள் ஆரம் ஏறத்தாழ 1.73 செ.மீ. வரும். எடை மாறவில்லை. ஆனால் வளைவதை எதிர்க்கும் தன்மை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பிக்கு 1, குழாய்க்கு 16இலிருந்து 9 போக 7. ஒரு கிராம் எஃகுகூடச் சேர்க்காமல் விறைப்பு ஏழு மடங்காகிவிட்டது! முறுக்கப்படுவதை எதிர்ப்பதிலும் இதே கணக்குத்தான். சட்டம் முறுக்கிக் கொள்ளாவிட்டால், நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றும் பிடி ஓட்டுநர் எதிர்பார்த்தபடியே இருக்கும்.

எடை எதற்குக் குறைய வேண்டும்?

வளைவில் வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகத்தை வகுப்பில் கணக்கிடும்போது, v² = μgr என்ற வாய்பாடு கிடைக்கிறது. உராய்வுக் கெழு 0.8, வளைவின் ஆரம் 30 மீட்டர் என்றால், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர். அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். இவ்வாய்பாட்டில் நிறையே இல்லையே, பிறகு காரின் எடையைக் குறைப்பதால் என்ன லாபம் என்று மாணவர் ஒருவராவது ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுண்டு. நல்ல கேள்வி.

லாபம் வளைவுக்கு வெளியே இருக்கிறது. 400 மீட்டர் ஓடுபாதையில் நேர்ப்பகுதிகள் மிகக் குறுகியவை. கார் வளைவை விட்டு வெளியேறி, முடுக்கம் பெற்று, மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இங்கே உச்ச வேகத்துக்கு இடமில்லை. விரைவாக வேகம் பெறுபவரே வெல்வார். முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது. ஆகவே ஏறத்தாழ 100 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், 400 கிலோகிராம் காரில் செய்யும் வேலையை அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள காரில் செய்ய முடியாது.

எடை எங்கே இருக்க வேண்டும்?

எடையைக் குறைப்பது பாதி வேலைதான். மிஞ்சிய எடையை எங்கே வைப்பது என்பது மறு பாதி. குர்டிஸின் திறமை முழுமையாக வெளிப்பட்டது இதில்தான். 1949இல் ஜானி பார்சன்ஸ் குர்டிஸ் கார் ஓட்டித் தேசியச் சாம்பியன் ஆனார். 1950இல் இண்டியானாபொலிஸிலும் வென்றார். 1952இல் குர்டிஸ் அப்பந்தயத்துக்கெனப் புதுமையான ஒரு காரைக் கட்டினார். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டை இடப்பக்கமாக ஒதுக்கினார். முன்பு அத்தண்டின் மேல் அமர்ந்த ஓட்டுநர், இப்போது அதன் பக்கத்தில் தாழ்வாக அமர்ந்தார். 'ரோட்ஸ்டர்' என்று இவ்வகைக் காருக்குப் பெயர் வந்தது.

இதனால் என்ன பயன்? அங்கே எல்லா வளைவுகளும் இடப்பக்கமே திரும்புபவை. திரும்பும்போது எடையில் ஒரு பகுதி வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடும். பேருந்து திரும்பும்போது நாம் எதிர்ப்புறம் சாய்வதுபோல. இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.4 மீட்டர், பக்கவாட்டு விசை எடையில் 0.8 பங்கு என்று வைத்துக் கொள்வோம். நடுவில் எடை கொண்ட காரில், வளைவின்போது இடச் சக்கரங்களில் 23 சதவீத எடையும், வலச் சக்கரங்களில் 77 சதவீத எடையும் விழும். ஈர்ப்பு மையத்தை 12 செ.மீ. இடப்பக்கம் நகர்த்தி, 10 செ.மீ. கீழே இறக்கிவிட்டால், இப்பங்கு 40க்கு 60 என்றாகிறது. சிறிய மாற்றம், பெரிய வேறுபாடு!

பங்கு சமமாவதால் மொத்த உராய்வு கூடுமா? பாடநூல் விதிப்படி கூடாது. ஆனால் ரப்பர் சக்கரம் அவ்விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. அதன் மேல் பளு இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. எனவே இரு பக்கமும் ஒத்துச் சுமந்தால்தான் மொத்தப் பிடி அதிகம்.

சிறு உறுப்பும் பெரிய விலையும்

இந்த ரோட்ஸ்டரை 1952இல் ஓட்டியவர் பில் வுகோவிச். மிட்ஜெட் பந்தயங்களில் பழகித் தேர்ந்தவர். 200 சுற்றுப் பந்தயத்தில் 150 சுற்றுகள் அவரே முன்னணியில் இருந்தார். 191 சுற்றுகள் முடிந்த நிலையில் ஸ்டியரிங் அமைப்பின் சிறு உறுப்பு ஒன்று முறிந்தது. கார் சுவரை உரசி நின்றது; வெற்றி வேறொருவருக்குப் போயிற்று.

சுற்றுக்கு நான்கு வளைவு எனக் கொண்டால், அதற்குள் கார் 760 முறைக்கு மேல் திரும்பியிருக்கிறது. பளு அவ்வளவு முறையும் ஒரே பக்கம் ஏறி இறங்கியிருக்கிறது. ஒருமுறை தாங்குகிறதா என்று பார்ப்பது போதாது, ஆயிரம் முறை தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்பது எந்திரம் கட்டும் எவரும் மறக்கக் கூடாத பாடம்.

வுகோவிச் 1953, 1954 ஆகிய இரு ஆண்டுகளிலும் குர்டிஸ் காரிலேயே வென்று காட்டினார். 1955இல் மூன்றாம் முறையும் முன்னணியில் சென்று கொண்டிருந்தபோது, முன்னால் நேர்ந்த விபத்தில் சிக்கி அவர் கார் சுவருக்கு அப்பால் பறந்தது; அங்கேயே உயிர் நீத்தார். அன்றைய பந்தயத்தில் வென்ற பாப் ஸ்வைகெர்ட்டின் காரும் குர்டிஸ் கட்டியதே. ஒரே நாளில் ஒரே பட்டறையின் ஒரு கார் வெற்றிக் கோட்டைக் கடந்தது; இன்னொரு கார் தன் ஓட்டுநரின் உடலோடு எரிந்தது. அந்தக் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் காப்பு எதுவும் இருக்கவில்லை. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று நாம் கரும்பலகையில் எளிதாக எழுதிவிடுகிறோம். அந்த ஆற்றல் ஒரு மனிதனின் உடலைச் சேராமல் பார்ப்பதும் பொறியியலின் கடமை அல்லவா?

விடை

1956 முதல் ஏ. ஜே. வாட்சன் என்பவர், குர்டிஸ் காட்டிய வழியிலேயே இன்னும் எடை குறைந்த ரோட்ஸ்டர்களைக் கட்டி அவரை முந்தினார். மிட்ஜெட் பந்தயங்களுக்கும் பழைய கூட்டம் இல்லை. 1950களின் பிற்பகுதியில் குர்டிஸ் தம் மிட்ஜெட் தொழிலை விற்றுவிட்டார். எஞ்சினைப் பின்னால் வைத்த கார்கள் 1965இல் இண்டியானாபொலிஸையும் வென்றபோது ரோட்ஸ்டர்களின் காலமும் முடிந்தது. குர்டிஸ் 1987இல் காலமானார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். லைம் ராக் பாதை இரண்டரைக் கிலோமீட்டர் நீளமே கொண்டது. அங்கே வளைவிலிருந்து பாய்ந்து வெளியேறும் முடுக்கத்துக்கு மதிப்பிருந்தது. செப்ரிங் பாதையோ எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல். விமான நிலையத்தின் ஓடுதளங்களில் நீண்டு கிடப்பது. அங்கே வேண்டியவை உச்ச வேகமும், பல பல்லிணைகளும், வலிய பிரேக்கும். குட்டிக் காரின் பல்லிணைகள் இரண்டே. கார் கெட்டுப் போகவில்லை. அது பிறந்த களம் வேறு, அன்று ஓடிய களம் வேறு.

மிட்ஜெட் பந்தயங்கள் இன்றும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடைபெறுகின்றன. இன்றைய மிட்ஜெட்டைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, ஓட்டுநரைச் சுற்றிக் கட்டிய எஃகுக் குழாய்க் கூண்டுதான். அது இன்றிப் பந்தயத்தில் இறங்க முடியாது. எடையைக் கூட்டாமல் விறைப்பை ஏழு மடங்காக்கிய அதே குழாய், இன்று ஓட்டுநரின் உயிரைக் காக்கிறது.

அடுத்த முறை உங்கள் மிதிவண்டியைத் துடைக்கும்போது அதன் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். அதுவும் குழாய்தான்.