சந்திர தூளி படிந்த பை

விண்வெளிக்குச் சென்று மீண்ட கருவிகளையும் கலங்களின் பகுதிகளையும் சேகரிப்பதில் மேல்நாட்டுச் செல்வர் பலருக்குப் பேரவா உண்டு. இதை வெறும் டம்பமென்று தள்ளிவிடலாகாது. பொது ஜனங்களின் வரிப்பணத்தால் உண்டான பொருள் தனி மனிதர் கைக்கு மாறும்போது அது யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் பிறக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு வியாஜ்யம் இவ்விஷயத்தைத் தெளிவாக்கும்.

1969-ம் வருஷம் ஜூலை மாதத்தில், அப்பல்லோ 11 யாத்திரையின்போது நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் முதன்முதல் அள்ளிய மண், ஒரு வெண்ணிறத் துணிப் பையில் பூமிக்கு வந்தது. பிற்காலத்தில், கான்ஸாஸ் மாகாணத்தில் காட்சிச் சாலைப் பொருள்களைத் திருடியதற்காகத் தண்டனை அடைந்த ஒருவரிடமிருந்து அப்பையை அதிகாரிகள் கைப்பற்றினர். பதிவில் நேர்ந்த குழப்பத்தால் அது இன்னதென்று அவர்களுக்கு விளங்கவில்லை. நஷ்ட ஈடு வசூலிக்கும் பொருட்டு சர்க்காரே அதை ஏலத்தில் விட்டது. 2015-ம் வருஷத்தில் ஒரு பெண்மணி 995 டாலருக்கு அதை வாங்கினார்.

வாங்கியவர் அதை ஒளித்து வைக்கவில்லை. மெய்ம்மையை அறிய நாஸா ஸ்தாபனத்துக்கே அனுப்பினார். பரீக்ஷையில் சந்திர தூளி தென்பட்டது. உடனே நாஸா, அது தேசத்தின் சொத்தென்று வாதித்துத் திருப்பித் தர மறுத்தது. 2016-ம் வருஷம் டிசம்பரில், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்தவருக்கே பை உரியது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி நியூயார்க்கில் நடந்த ஸோதபீஸ் ஏலத்தில் அது 18 லக்ஷம் டாலருக்கு விலை போயிற்று.

இதற்கு முன்பே, 2011-ம் வருஷத்தில், அப்பல்லோ 13-ன் தலைவர் ஜேம்ஸ் லவல், பழுதுற்ற கலத்தில் தாம் கணக்கிட்டெழுதிய குறிப்புப் புஸ்தகத்தை விற்றார். அது 3,88,375 டாலர் பெற்றது. நாஸா அவருடைய உரிமையை வினவியது. 2012-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டம், அக்காலத்து யாத்திரிகர் வைத்திருந்த ஞாபகப் பொருள்கள் அவர்களுக்கே சொந்தமென்று விதித்தது; சந்திரக் கற்களுக்கு மட்டும் விலக்களித்தது. யாத்திரை முடிந்து நாற்பது வருஷங்களுக்குப் பிறகே இவ்விதி பிறந்தது.

தேசத்தின் பொக்கிஷம் ஏலக் கடைக்குப் போகலாமா என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தம் நியாயமே. ஆனால் பழி யாரைச் சாரும்? இத்தகைய பொருளின் மதிப்பெல்லாம் அதன் வரலாற்றில் இருக்கிறது. பதிவு தவறினால் சந்திரனைத் தொட்ட பையும் கந்தைத் துணியாகிவிடும். அந்தக் கந்தையை மீண்டும் சரித்திரப் பொருளாக்கியவர் அப்பெண்மணியே. சர்க்கார் தன் கைவசமிருந்தபோது அதை அறியவில்லை. பிறர் அறிந்து கூறியபின் உரிமை கொண்டாடிற்று.

பொதுச் சொத்துக்கு சர்க்கார் தர்மகர்த்தா மாத்திரமே. கணக்கு வையாத தர்மகர்த்தாவுக்குப் பிறரைக் குறை கூறும் வாயில்லை. பொதுச் சொத்தின் கணக்கை இடைவிடாது கேட்பது ஜனங்களின் கடமையாகும்.