வேஷம் கட்டும் வடசென்னை – 11: நனைந்தால் ஓடிப்போகும் பச்சை

ராயபுரம் மயானக் கொள்ளையில் காளி வேஷக்காரர்கள் பின்னால் ஓடிய கதை போன வாரத்தோடு முடிந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் மயிலாட்டத் தலை. அதன் அலகு நூலை இழுத்தால் எப்படித் திறந்து மூடுகிறது என்று சொல்வதாக வாக்கு. அலகுக்குப் போவதற்குள் இறகில் மாட்டிக்கொண்டேன்.

திருவொற்றியூரில் பழைய வேஷச் சாமான்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரம்பு வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு பீலியைக் கீழ் வரிசையிலிருந்துதான் கட்ட ஆரம்பிப்பார். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் காம்பையும் முடிச்சையும் மறைத்துக்கொண்டே மேலே ஏறும். நாட்டு ஓடு வேய்வதும் இப்படித்தான். காம்பின் அடியை பிளேடால் சீவி மெலிதாக்கினால்தான் வளையும். சீவாமல் கட்டினால் ஆடுகிறவர் கழுத்தைக் குத்திக்கொண்டு விறைத்து நிற்கும். மடங்கிப்போன இறகைக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டி விரலால் நீவி நிமிர்த்துகிறார். பெட்டியில் அந்துருண்டை போட மறந்தால் பூச்சி தின்றுவிடும்.

வடசென்னையில் இறகுக்கு இன்னொரு எதிரி, கரித்தூள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் ராயபுரத்தில் காயப்போட்ட வெள்ளை வேட்டி என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அது எண்ணூருக்குப் போனது. தூள் தொலைந்துவிடவில்லை, முகவரி மாறியது, அவ்வளவுதான்.

அப்படி மங்கிப்போன பீலி ஒன்றைப் பெரியவர் வாளித் தண்ணீரில் முக்கினார். கரி போனது. கண்ணிலிருந்த பச்சையும் மங்கிப் பழுப்படித்துவிட்டது. நான் பதறிப்போனேன்.

“இன்னா சார், சாயம் போச்சுன்னு நென்ச்சியா? காஞ்சா தன்னால வந்துரும். சாயமே கெடையாது சார் அதுல.”

காய்ந்தது, வந்தது. அதற்குப் பிறகு எனக்கு இந்த வாரம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. ராபர்ட் ஹூக் 1665-லேயே நுண்ணோக்கியில் மயிலிறகைப் பார்த்து, நனைத்தால் நிறம் அழிகிறது என்று எழுதியிருக்கிறார். மயிலிறகில் உள்ள சாயப்பொருள் மெலனின் ஒன்றுதான், நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் அதே சரக்கு. பச்சையும் நீலமும் அந்த மெலனின் குச்சிகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறது என்பதில் இருக்கின்றன. 2003-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் அளந்து சொன்னார்கள்: குச்சிகளுக்கு இடையில் சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை, 165 என்றால் மஞ்சள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். அதில் பத்தே பத்து தள்ளி நட்டால் நீலம் பச்சையாகிவிடுகிறது! குச்சிகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரைதான் இந்த ஜாலம். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கணக்குக் குலைகிறது.

நம்மவர் ஒருவரும் இதில் இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் 1934-இல், தாம் தொடங்கிய இந்திய அறிவியல் கழக இதழின் முதல் தொகுதியிலேயே, பறவை இறகு நிறங்களின் தோற்றம் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது மயிலை அல்ல, பனங்காடையை. நோபல் வாங்கியவர் கடல் ஏன் நீலம் என்று துரத்தியதோடு நிற்காமல், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையின் சிறகுக்கும் வந்தார் என்பதை ஏன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லவில்லை?

இப்போது பாரிமுனை ஃபேன்சி கடைகளுக்கு வாருங்கள். புத்தாண்டு ராத்திரிக்கு விற்கும், கண்ணை மட்டும் மறைக்கிற, எலாஸ்டிக் வைத்த இறகு முகமூடிகள். ரோஜாச் சிவப்பு, கிளிப்பச்சை எல்லாம் பெரும்பாலும் கோழி, வான்கோழி இறகில் ஏற்றிய சாயம். இறகு கம்பளியைப் போலவே கெரட்டின் என்பதால் கம்பளிச் சாயம் அதற்கும் பிடிக்கும். கூடக் கொஞ்சம் வினிகர் ஊற்றிச் சூடாக்கினால் போதும். மட்டமான சாயமாக இருந்தால் வியர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கும். இதை நான் கேவலமாகப் பேசமாட்டேன். போட்டோவுக்கு இதுதான் எடுக்கும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே சிவப்பு. மயிற்பீலி அப்படியல்ல, சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். அதனால்தான் அது அசையும் உடம்புக்கு ஏற்றது. ஆடுகிறவர் சுழன்று திரும்பும்போது ஒவ்வொரு கண்ணாகப் பற்றிக்கொண்டு வருகிறதே, அதை எந்தச் சாயத்தொட்டியிலும் முக்கி எடுக்க முடியாது.

“இவ்வளவு பீலி எங்கிருந்து வருது, மயிலைக் கொல்றாங்களா?” என்று போன மாதம் ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். ஆண் மயில் அந்த நீள இறகுகளை ஆண்டுதோறும் தானே உதிர்த்துவிடுகிறது. (அவை வாலே அல்ல. உண்மையான வால் அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும் குட்டைப் பழுப்பு இறகுகள்.) 1963-இல் மயில் தேசியப் பறவையானது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்லக் கூடாது என்றாலும், தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் விற்க வழிவிட்டது. ஏற்றுமதிக்குத்தான் தடை. உதிர்ந்ததா பிடுங்கியதா என்பதைக் காம்பின் நுனியில் ரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா.

ஏற்றுமதி என்றதும் துறைமுகம் வந்துவிட்டது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக இந்தியப் பறவைகள் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. 1902-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது; இங்கிலாந்து தன் பக்கத்து இறக்குமதிக் கதவைச் சாத்த 1921 வரை எடுத்துக்கொண்டது. நடுவில் அந்தப் பத்தொன்பது வருடம் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் எழுத ஆசை. அலகு நூல் என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கேட்கிறார். அதையும் அடுத்த வாரமே எழுதிவிடலாம், இடம் கொடுத்தால்.

(தொடரும்)