வயிரத்தின் பிறப்பறிதல்

மதுரை மணிக்கடை வீதியில் வயிரத்தின் குற்றங்களை ஆராய்ந்து நீக்கிய திறத்தைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிற் கற்ற யாம், இக்கால ஆய்வு முறையை நோக்குங்கால் வியப்படைகின்றோம். அன்று குற்றம் கல்லின் விலையைக் கெடுத்தது. இன்றோ அக்குற்றமே கல்லின் பிறப்புக்குச் சான்றாகின்றது.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த வயிரம் போலிக்கல் அன்று. நிலத்துட் பிறந்ததுபோல் அதுவும் கரியே. ஸிர்க்கோனியாவை வெப்பங் கடத்தும் சோதனையால் நொடியில் விலக்கலாம். மாய்ஸனைட் அதில் தப்பினும், உருப்பெருக்கியில் பட்டை விளிம்புகள் இரட்டையாய்த் தோன்றி அதனைக் காட்டிக்கொடுக்கும். 1954-இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் ஆக்கத் தொடங்கிய வயிரமோ இச்சோதனைகளில் வயிரமென்றே விடை தரும்.

பின்னர் அறிவது எங்ஙனம்? காலமே சாட்சி. ஏறத்தாழ 100 மைல் ஆழத்தில், பல கோடி ஆண்டுகள் வெம்மையிற் கிடந்த வயிரத்துள் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டும் நான்குமாய்த் திரள்கின்றன. சில வாரங்களில் வளர்ந்த கல்லுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அதன்கண் அவை பெரும்பாலும் தனித்து நிற்கும். நிறமற்றதாயின் அநேகமாய் இல்லாமலே போம். இயற்கைக் கற்களில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை திரள் உடையன. அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தின் அஃது விளங்கும். ஐயத்துக்கு இடமாவன எஞ்சிய சிலவே. அவற்றைக் குற்றலைப் புற ஊதாக் கதிரில் வைத்து, வளர்ந்த வடிவை நோக்குவர். அழுத்தத்தால் ஆக்கியதிற் சிலுவை போன்ற கூறுகளும், மீதேன் வாயுவினின்று படிந்ததில் அடுக்கடுக்கான கோடுகளும் தோன்றும். உள்ளே உலோகத் துகள் சிக்கிய கல் காந்தத்துக்கு இழுபடுவதும் உண்டு.

எம்மை மிகுதியும் உறுத்துவது, இயற்கைக் கல்லையே திருத்தி அதனை மறைத்து விற்றல். 1971-இல் ஜெனீவாவில் இயற்கை மஞ்சளென ஏலம் போன டீப்டீன் என்னும் 100 காரட்டுக்கு மேற்பட்ட கல், கதிர்வீச்சால் நிறமூட்டப்பெற்றதென்று பின்னரே துணியப்பட்டது. எளியோர் வாங்கும் சிறு கல்லிலோ பிளவுகளிற் கண்ணாடி நிரப்புவர். அதனை உருப்பெருக்கியின் கீழ் அசைத்தால் பிளவின்வழி ஊதா, பச்சை முதலிய நிறங்கள் மின்னி மறையும். இதனை அறியாத தட்டார், மோதிரம் செப்பனிடக் கல்லோடு ஊதுகுழல் நெருப்பிற் காட்டினால், நிரப்பியது கெட்டொழிந்து பழம்பிளவு வெளிப்படும். பழியோ விற்றவனை விட்டுத் தட்டார்மேல் விழும்.